61

ஜூலை 9, 2022, சனி

இரண்டு பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவர்களுடைய தகப்பனார் நேற்றுப் பள்ளிக்கு வந்து போனதாகச் சத்துணவு அமைப்பாளர் அக்கா சொன்னார். 63-இல் 2 போனால் 61.

ஜூலை 11, திங்கள்

காலையிலிருந்து தைத்த ரவிக்கைகளில் இரண்டுக்குக் கைக்குழி அளவு தவறிவிட்டது. கை தையலில் இருந்தாலும் மனம் அந்த எண்ணிலேயே நின்றுகொண்டிருந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் மூன்றாம் ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். பணிநிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். மீதமிருக்கும் இருவரில் ஒருவர் தலைமையாசிரியை. அவருடைய நாளில் பாதி, பிள்ளைகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவுகளிலும் வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்கும் விவரங்களிலும் கரைந்துவிடுகிறது. அப்படியானால் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து ஒன்றரை ஆசிரியர் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும்.

அந்த 61-இல் ஒருவன் என் மகன். நான்காம் வகுப்பில் படிக்கிறான்.

ஜூலை 12, செவ்வாய்

நாத்தனார் சீருடைத் துணி கொண்டுவந்து தையல் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். கட்டம் போட்ட நீலத் துணி. வேன் வருகிற பள்ளியின் சீருடை. முதல் வருடக் கட்டணம் முழுவதையும் தாமே கட்டுவதாகச் சொன்னார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியின் மகன் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றும் கேட்டார். எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஜூலை 15, வெள்ளி

கல்வி வளர்ச்சி நாள் என்பதால் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். காமராசர் படத்துக்கு மாலை போட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓரிடத்திலும் தடுமாறாமல் பேசினாள்.

இரண்டாம் வகுப்பறையில் பழைய பெஞ்சு ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய பெயர் பாதி அழிந்துவிட்டது; என் தாத்தாவின் பெயர் அது. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் மேசையும் பெஞ்சும் கடிகாரமும் சீராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களில் தாத்தாவும் ஒருவர் என்பது எங்கள் வீட்டுப் பெருமை. ஆனால் அவர் தம் பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்றும், பள்ளிக்குப் போனால் வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுவார் என்றும் அப்பா சொல்லியிருக்கிறார். பொருள் கொடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. கேள்வி கேட்கும் உரிமையும் தங்களுக்கு உண்டு என்று அவர்களிடம் யார் சொல்லியிருப்பார்கள்? எங்களுக்கு அதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எங்கள் குழுவின் 20 பேரில் 15 பேர் பெற்றோர். இருந்தும் தலைமையாசிரியையின் அறைக்குள் போனால், அவர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் நாற்காலியின் நுனியில் உட்காருகிறேன்.

ஜூலை 16, சனி

துணி அப்படியே இருக்கிறது. அதன் மேல் வேறு துணிகளைப் போட்டு மூடி வைத்தேன்.

ஜூலை 20, புதன்

ஆடி பிறந்ததும் தையல் குவிகிறது. இரவு பதினொன்றுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. தீர்மானப் பதிவேட்டின் பக்கத்தில் மேலே தேதி மட்டும்தான் இருந்தது. கீழே கையெழுத்துக்கான இடத்தைக் காட்டி, "நீங்க போட்டுட்டுப் போங்கம்மா, நான் சாயந்திரம் எழுதிக்கிறேன்" என்று டீச்சர் சொன்னார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அன்று அவருக்கு அவ்வளவு வேலை இருந்தது. நானும் போட்டேன். எனக்குப் பின்னால் பதினோரு பெண்கள் போட்டார்கள். கையெழுத்துகளுக்கு மேலே முக்கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெள்ளைத் தாள் தூங்கும்போதும் கண்ணுக்குள் வருகிறது.

விளங்காத விஷயம் என்னவென்றால், மகளிர் குழுவின் நோட்டை ஆறு வருடங்களாக நான்தான் எழுதுகிறேன். வங்கி மேலாளர் கடன் பத்திரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டபோது அவர் மேசையின் முன் நின்றுகொண்டு அதைச் சேர்க்கச் சொன்னவளும் நான்தான். அங்கே வராத நடுக்கம் இங்கே மட்டும் எதற்காக வருகிறது? யோசித்துப் பார்த்தால் காரணம் ஒன்றுதான் தெரிகிறது. வங்கிக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. இந்தப் பள்ளிக்குள் நுழைந்தபோது ஐந்து வயது. வாய்ப்பாடு மறந்து முட்டி போட்ட இடத்துக்கும் தலைமையாசிரியையின் மேசைக்கும் நடுவே நான்கு அடி தூரம்கூட இல்லை. அந்த வாசற்படியைத் தாண்டியதும் எங்கள் எல்லோருக்கும் வயது குறைந்துவிடுகிறது. கொல்லுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், ஊரில் யாருக்கும் அஞ்சாதவர், அங்கே கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

ஜூலை 22, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். மகனுக்கு இருமல்.

ஜூலை 24, ஞாயிறு

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கூப்பிடக் குழுவில் உள்ள தாய்மார்களில் ஒன்பது பேரின் வீடுகளுக்குப் போய் வந்தேன். இருவர் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வாருங்கள் என்று நானும் எந்த வாயால் சொல்வது? மற்றவர்கள் வருவதாகச் சொன்னார்கள். கடைசியாகப் போன வீட்டில், "உங்க பையன் அங்கதான படிப்பான், அக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் என் மேலேயே கோபம். 61 என்ற எண்ணைக் காப்பாற்ற மகனைப் பிடித்துவைக்கிறேனா, அல்லது அவனுக்கு இந்தப் பள்ளி நல்லது என்று உண்மையாகவே நம்புகிறேனா? இரண்டும் ஒன்றாகவே இருக்கக் கூடாதா என்ன?

ஜூலை 26, செவ்வாய்

கணவரும் நானும் பேசவில்லை.

ஜூலை 27, புதன்

மகனிடமே கேட்டுவிடலாம் என்று இன்றைக்குத்தான் தோன்றியது. இத்தனை நாட்களாக அத்தை, அப்பா, அம்மா, தலைமையாசிரியை என்று எல்லோரும் அவனைக் கூட்டியும் கழித்தும் கொண்டிருந்தோமே தவிர, யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "வேன்ல ஜன்னல் ஓரமா உக்கார விடுவாங்களா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "அங்க யாரு மணி அடிப்பாங்க?" என்று கேட்டான். இங்கே இந்த மாதம் மணி அடிப்பது அவன் முறை. அதுவும் தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு வந்து சொல்லும்படி சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

ஜூலை 29, வெள்ளி

கூட்டம் மூன்று மணிக்கு. ஆடி வெள்ளியாக இருந்தும் பதின்மூன்று பேர் வந்தோம். எழுதவேண்டியதை முந்திய இரவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்றாம் ஆசிரியரைத் தொடர்ந்து பணியில் வைத்திருக்க வேண்டும். கற்பிக்கும் நேரத்தில் தலைமையாசிரியையைப் பதிவு வேலைகளுக்காக வட்டார அலுவலகத்துக்கு அழைக்கக் கூடாது. இவை இரண்டையும் ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் வைக்க வேண்டும். சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதே நாம்தான் என்று சொன்னபோது என் குரல் சற்றுப் பிசிறியது. பட்டறை அண்ணன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, "தலைவி சொல்றது சரிதானே, டீச்சர்" என்றார்.

பதிவேட்டை நானே எழுதட்டுமா என்று கேட்டேன். தலைமையாசிரியை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை என் பக்கம் திருப்பி, தம் பேனாவையும் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். எழுதினேன். எழுதி முடித்த பிறகு படித்துப் பார்த்து, "எல்லாம் சரிம்மா. கடைசியில 'தீர்மானிக்கிறோம்'னு இருக்கு, 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது'னுதான் எழுதுறது வழக்கம்" என்றார். பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். உண்மைதான், ஒவ்வொரு மாதமும் தீர்மானிக்கப்பட்டிருந்தது, யாரால் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் பேசாமல் இருந்தேன். அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்தச் சொல்லை அடிக்காமல் அதன் கீழேயே கையெழுத்துப் போட்டோம். தலைமையாசிரியையின் கையெழுத்து கடைசியில் இருக்கிறது.

வெளியே வந்த பிறகுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

ஜூலை 30, சனி

ஒரு தீர்மானத்தால் உபரிப் பட்டியல் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. தாள் மேலே போகும்; எண்தான் பேசும். நேற்றைய மகிழ்ச்சி காலைவரைகூட நிற்கவில்லை.

ஜூலை 31, ஞாயிறு

நாத்தனார் தொலைபேசியில் அழைத்தார். துணியைத் தைத்தாகிவிட்டதா என்று கேட்டார். கணவர் பேசியை வாங்கி, "இன்னும் அளவே எடுக்கல அக்கா" என்றார். அவர் என் பக்கம் நின்று சொன்னாரா, நடந்ததை மட்டும் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு, மணி அடிக்கும் முறை எப்போது முடிகிறது என்று கேட்டார். இன்றோடு முடிந்துவிட்டது என்று அவன் சொன்னான்.

ஆகஸ்ட் 1, திங்கள்

மணி எட்டரை. குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கிறான். எதைப் போட்டுக்கொள்வது என்று கேட்கிறான்.