வெள்ளத் தடுப்பு மானியம்: முதல் ரிங்கிட் எங்கே போகவேண்டும்?

கோலாலம்பூரில் வெள்ளத் தடுப்பு என்றதும் ஸ்மார்ட் சுரங்கம்தான் நினைவுக்கு வரும். 2007இல் திறந்த அந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம் ஆற்றுப் பெருக்கைத் திருப்பிவிடும். ஆனால் தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், லோங்காங் என்னும் வடிகால் அடைத்துக்கொண்டால் சுரங்கத்தால் பயனில்லை.

மானியம் கையில் வந்ததும் நகராட்சி பம்பு வாங்க ஓடக்கூடாது. முதலில் கணக்கு: ஒரு ஹெக்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர் தண்ணீர். தாரும் சிமெண்டும் மூடிய பத்து ஹெக்டர் தாமானில் ஏறக்குறைய 10,000. அதை ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பிடித்துவைக்க ஒரு பந்துத் திடல் அளவு இடம் வேண்டும். இடமே இல்லையென்றால் லோங்காங்கை அகலப்படுத்தலாம். ஆனால் கீழே உள்ள பாலத்தடிக் குழாய் குறுகலாக இருந்தால் வெள்ளம் பக்கத்துத் தாமானுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். அதனால் வேலையைக் கீழ்முனையிலிருந்து தொடங்குங்கள்.

குழாய் வாயில் குப்பைக் கம்பிகளைச் செங்குத்தாக வைக்காதீர்கள். சாய்வாக வைத்தால்தான் மேலே நின்று வாரியால் இழுக்க முடியும். செங்குத்துக் கம்பியில் ஒரு பழைய மெத்தை ஒட்டினால் போதும், அரை மணியில் சாலையில் தண்ணீர்.

பம்பு தவிர்க்க முடியாத இடத்தில் ஜெனரேட்டரை வெள்ள மட்டத்துக்கு மேலே மேடை கட்டி ஏற்றுங்கள். தண்ணீர் ஏறியதும் பம்பை ஓடவிடும் மிதவை சுவிட்சில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டால் பம்பு ஓடாது. சுவிட்சைச் சுற்றி வலை போடுங்கள். மானியம் பெரும்பாலும் கட்டுவதற்குத்தான் கிடைக்கும், தூர்வாருவதற்கு அல்ல. ஆண்டுதோறும் தூர்வாரும் செலவை நகராட்சி தன் பட்ஜெட்டில் எழுதிய பிறகே டெண்டர் விடவேண்டும்.