பேராவிலிருந்து பியூட்டுக்கு: ஹாரிங்டன் என்ற பெயரைத் தேடிய நாட்கள்

பிப்ரவரி 4

நண்பரின் கொள்ளுத்தாத்தா ஹாரிங்டன் என்ற குடும்பப் பெயருடையவர், மொன்டானாவின் பியூட் நகரில் செப்புச் சுரங்கத்தில் உழைத்தவர் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 1900ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பைத் திறந்தேன். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், பேரா தீபகற்பத்து அல்லிஹீஸ் சுரங்கங்கள் நலிந்தபோது அங்கிருந்தவர்கள் கூட்டங்கூட்டமாகப் பியூட்டுக்குப் போனதால், தாளுக்குத் தாள் சல்லிவன்களும் ஹாரிங்டன்களும்தான். பிறந்த மாதம், குடியேறிய ஆண்டு எல்லாம் கேட்டு எழுதிய அதிகாரி, பிறந்த இடத்துக்கு 'அயர்லாந்து' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறார்.

பிப்ரவரி 7

ஒலியை வைத்துப் பெயர்களைத் தொகுக்கும் சவுண்டெக்ஸ் முறையில் சல்லிவன் எஸ்415 என்றும், ஓ'சல்லிவன் ஓ241 என்றும் பிரிந்துவிடுகின்றன. 'வழித்தோன்றல்' என்று பொருள்படும் அந்த 'ஓ'வைச் சிலர் விட்டார்கள், சிலர் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே ஒரே குடும்பத்தை இரண்டு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைப் பதிந்த எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் பெயர்களை மாற்றினார்கள் என்று பலரும் சொல்வதை நான் ஏற்கவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட பயணிகள் பட்டியலைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள்.

பிப்ரவரி 12

அயர்லாந்துப் பக்கம் திரும்பினால் பெரிய வெற்றிடம். 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, உள்நாட்டுப் போரின்போது 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. அதைவிட எனக்கு வலிப்பது, 1861, 1871 ஏடுகளை அரசே அழித்ததும், 1881, 1891 ஏடுகளை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கியதும்தான். முழுமையாக எஞ்சியவற்றில் மூத்தது 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே.

பிப்ரவரி 13

பியூட் திருமணப் பதிவில் கொள்ளுத்தாத்தாவின் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்தது.

பிப்ரவரி 20

1909 ஜனவரியில் அயர்லாந்தில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோது, பிறப்புச் சான்று இல்லாத முதியவர்கள், 1841, 1851 கணக்கெடுப்புகளில் தங்கள் பெயரைத் தேடித் தரும்படி, பெற்றோர் பெயரையும் ஊரையும் எழுதி விண்ணப்பித்தார்கள். ஏடுகள் எரிந்தும் அந்த விண்ணப்பங்கள் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் அந்தத் தாயைக் கண்டேன். அதிலிருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு 1911ஆம் ஆண்டுத் தாளை அடைந்தேன். எத்தனை குழந்தைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்ற கேள்வி அதில் மணவாழ்வில் இருக்கும் பெண்களுக்கு மட்டும் உரியது. கைம்பெண்ணான அவரும் விடை சொல்லியிருக்கிறார். கணக்கெடுத்தவர் அதன்மேல் கோடு இழுத்திருக்கிறார். கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாகவே தெரிகின்றன: பிறந்தவர்கள் 9, இருப்பவர்கள் 7. கணக்கெடுப்பு இரவில் அந்த வீட்டில் அவரோடு இருந்தவர் ஒரு மகள் மட்டும். மற்ற ஆறு பேரில் ஒருவரைப் பியூட்டில் கண்டுவிட்டேன். எஞ்சிய ஐவரை நாளை முதல் தேட வேண்டும்.