கார்பல் டனல் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட என் அனுபவம்

மணிக்கட்டுல நரம்பு நசுங்கி கை மரத்துப் போற கார்பல் டனலுக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டாங்களே, பண்ணிக்கலாமா வேணாமான்னு முழிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். எனக்கு வலது கை, கட்டைவிரல்ல ஆரம்பிச்சு மோதிரவிரல் பாதி வரைக்கும் மரத்துப் போகும், சுண்டுவிரலுக்கு ஒண்ணும் ஆகாது, நடுராத்திரி எழுந்து கைய உதறினாத்தான் உயிர் வரும். மணிக்கட்டுல சின்னச் சின்னதா ஷாக் குடுத்துப் பார்க்கிற நெர்வ் டெஸ்ட்ல மாடரேட்னு வந்துச்சு. ராத்திரி மணிக்கட்டு மடங்காம வச்சிருக்கிற ஸ்பிளிண்ட் போட்டேன், ஸ்டீராய்டு ஊசியும் போட்டாங்க, கொஞ்ச மாசம் நல்லா இருந்துட்டு திரும்ப வந்துருச்சு.

ஆபரேஷன்னதும் டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன், சார் இது நிஜமா வேலை செய்யுதா, இல்ல ஆபரேஷன் ஆயிடுச்சுங்கிற நம்பிக்கையிலயே தேவலைன்னு தோணுதான்னு. அவர் கோவிச்சுக்கல, பொறுமையா சொன்னார். நெதர்லாந்துல 176 பேர வச்சுப் பண்ணி 2002-ல வந்த ஆய்வுல, 3 மாசத்துல ஆபரேஷன் பண்ணவங்கள்ல 80 சதவீதம் பேருக்கும் ஸ்பிளிண்ட் போட்டவங்கள்ல 54 சதவீதம் பேருக்கும் நல்லாச்சாம். ஆனா யாருக்கு என்ன பண்ணாங்கன்னு அவங்கவங்களுக்கே தெரியுமே, அப்ப நம்பிக்கையோட பங்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது? அதுக்கும் ஒரு வழி இருக்கு: அதே வருஷம் வந்த அமெரிக்காவோட ஹூஸ்டன் ஆய்வுல முட்டித் தேய்மான ஆபரேஷனுக்கு 180 பேர எடுத்து, யாருக்கு எதுன்னு சொல்லாம, ஒரு பகுதியினருக்குத் தோல மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பியிருக்காங்க, 2 வருஷம் பார்த்தும் நிஜ ஆபரேஷன் ஒண்ணும் ஒசத்தியா வரல.

கைக்கும் அப்படி ஒரு சோதனை பண்ணலாம், பாதிப் பேருக்குத் தோலக் கீறிட்டு, நிஜ ஆபரேஷன்ல வெட்டுற லிகமெண்ட (நரம்புக்கு மேல இருக்கிற நார்) வெட்டாம மூடணும். கட்டைவிரல் அடிச் சதை சூம்பிப் போனவங்கள மட்டும் சேர்க்கக் கூடாது, காத்திருந்தா நரம்பு இன்னும் கெட்டுடும். சும்மா கீறுறது பாவமில்லையான்னு வீட்டுக்காரர் கேட்டார், ஆனா இவ்ளோ பேருக்குப் பண்ற ஆபரேஷன சரியா சோதிச்சுப் பார்க்கத்தான் வேணும்னு எனக்குத் தோணுது, கூப்பிட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

என் ஆபரேஷன் லோக்கல்லதான், கைய மட்டும் மரக்க வச்சு. உள்ளங்கையில ஊசி போடுறப்போ எரிஞ்சுது, அதவிட மேல் கையில கட்டின பட்டையோட இறுக்கம்தான் தாங்கல. நடுவுல துணி மறைச்சிருந்தாங்க, "வெட்டியாச்சும்மா"ன்னு அவர் சொல்லலேன்னா உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது, அப்பத்தான் இந்தச் சோதனை கைக்கும் நடக்கிற காரியம்னு புரிஞ்சுது.

ராத்திரி மரத்துப் போறது உடனே நின்னுடுச்சு, உள்ளங்கைய ஊனினா வலி மட்டும் சில மாசம் இருந்துச்சு. எனக்கு நல்லாச்சுங்கிறத வச்சு நீங்க முடிவு பண்ணாதீங்க, உங்க டெஸ்ட்ல எந்த ஸ்டேஜ், சதை சூம்பியிருக்கா, இன்னும் எவ்வளவு நாள் ஸ்பிளிண்ட்ல பார்க்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறமா தேதி வாங்குங்க.