சாயக்கழிவு நிலையத்தில் ஸ்காடா சர்வர் மாற்றம்: 10036 காட்டிக்கொடுத்த கோளாறு

திருப்பூர் பக்கம் ஒரு பொதுச் சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஸ்காடா (நிலையம் முழுவதையும் திரையில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்) ஓடும் சர்வரைப் புதுப்பிக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. பழைய சர்வரில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு வழக்கமாக வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டன. புது இயந்திரத்தில் விண்டோஸ் சர்வர் 2022 போட்டு, ஸ்காடா, அளவுகளைச் சேமித்துவைக்கும் ஹிஸ்டோரியன், பிஎல்சிகளிடமிருந்து (இயந்திரங்களை நேரடியாக ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினிகள்) தரவை வாங்கித் தரும் ஓபிசி சர்வர் மூன்றையும் புதிய பதிப்புக்கு ஏற்ற வேண்டும்.

இந்த ஊரில் அந்தத் தரவுக்கு இருக்கும் மதிப்பு வேறு. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் பட்டறைகள் மறுபடி ஓடுகின்றன. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இப்படிப்பட்ட நிலையங்களுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. உள்ளே வரும் நீர், ஆர்.ஓ. வடிகட்டலில் மீளும் நீர், ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகும் ரிஜெக்ட் (வடிகட்டலில் மிஞ்சும் கழிவு) என ஒவ்வொரு ஃப்ளோ மீட்டரின் கணக்கும் இடைவிடாமல் வாரியத்துக்குப் போய்ச்சேர வேண்டும்.

முதல் தடை சீக்கிரம் தீர்ந்தது. இன்ஸ்டாலர் சுத்தமாக முடிந்தும் ஹிஸ்டோரியன் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. 1069 என்ற பிழை வந்தது. சர்வீஸுக்காக உருவாக்கிய கணக்குக்குப் புது இயந்திரத்தில் 'சர்வீஸாக லாகின் செய்யும்' உரிமை கொடுக்கப்படவில்லை. கொடுத்ததும் ஓடியது.

அடுத்து வந்ததுதான் எங்களை உலுக்கியது. கன்ட்ரோல் ரூமில் ஸ்காடா திரை உயிரோடு இருக்கிறது, எண்கள் ஓடுகின்றன. ஆனால் வாரியத்துக்குத் தரவு அனுப்பும் கணினியிலும், தினசரி அறிக்கை எடுக்கும் கணினியிலும் டேக்குகள் (ஒவ்வொரு அளவுக்கும் வைத்த பெயர்கள்) அத்தனையும் 'பேட்', அதாவது நம்ப முடியாதவை. ஓபிசியில் நல்ல மதிப்புக்குத் தரக்குறி 192. இங்கே வரிசையாக 0. இரண்டுமே விண்டோஸ் 7 கணினிகள். அவற்றில் நாங்கள் கை வைக்கவே இல்லை. "சார், நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு" என்றார் ஷிஃப்ட் ஆபரேட்டர். அவர் சொன்னது முழுக்க உண்மை.

பிளான்ட் நிற்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பம்புகளையும் வால்வுகளையும் ஓட்டுவது பிஎல்சி. மேலே இருக்கும் சர்வர் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். தரவு போகும் வழிதான் அடைபட்டிருந்தது. நிலைய மேலாளர் வாரிய அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்திருந்தார். ஆபரேட்டர்கள் ஒவ்வொரு ஃப்ளோ மீட்டரின் டிஸ்பிளேயிலும் எண்ணைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதத் தொடங்கினார்கள். அந்த நிதானம் எங்களுக்கு யோசிக்க நேரம் கொடுத்தது.

தரவு அனுப்பும் கணினி காட்டிய பிழை எண் 80070005, அதாவது அனுமதி மறுப்பு. இதைப் பார்த்ததும் எல்லோர் மனதும் யூசர் நேம், பாஸ்வேர்ட், ஃபயர்வால் என்றுதான் போகும். இரண்டு பக்கமும் ஒரே பெயரில் கணக்கு இருக்கிறதா, பாஸ்வேர்ட் பொருந்துகிறதா, இணைப்பு தொடங்கும் 135ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தோம். எல்லாம் சரி. அடுத்து கூட இருந்தவர்கள் சொன்னது பழைய வைத்தியம்: "எவ்ரிஒன்" குழுவுக்கு முழு அனுமதி கொடு, ஃபயர்வாலை அணை. ஓபிசி வேலையில் இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு ஊரின் கழிவுநீரைக் கையாளும் இயந்திரங்களோடு பேசுகிற சர்வரைச் சோதனைக்குக்கூட அப்படித் திறந்துவிட நான் சம்மதிக்கவில்லை.

புகார் சொல்லும் கணினியிலேயே மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தோம். மறுத்தது எந்தக் கணினியோ அதன் லாகில்தான் காரணம் இருக்கும். புது சர்வரில் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் லாகைப் பார்த்தபோது 10036 என்ற எண்ணில் பிழைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கேட்டு வந்த கணினியின் ஐபி முகவரி, பயனர் பெயர், கூடவே காரணம்: டிகாம் (கணினிகளுக்கிடையே மென்பொருள்கள் பேச விண்டோஸ் தரும் வழி) இணைப்பைத் தொடங்கும்போது கிளையன்ட், அதாவது தரவு கேட்கும் பக்கம், காட்டும் அங்கீகார நிலை போதாது, குறைந்தது 'பாக்கெட் இன்டெக்ரிட்டி' (தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் நிலை) வேண்டும்.

ஓபிசியின் பழைய வகையான ஓபிசி டிஏ இரண்டு கணினிகளுக்கிடையே பேச விண்டோஸின் டிகாமை நம்பியிருக்கிறது. அதிலிருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் வேலை 2021 ஜூனில் தொடங்கியது. 2022 ஜூனில் கடுமையான சோதனை தானாகவே அமலுக்கு வந்தது. வேண்டாமென்றால் விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் அணைத்துக்கொள்ள முடிந்தது. 2023 மார்ச் 14 முதல் வந்த திருத்தங்களில் அந்த வழியும் இல்லை. பழைய சர்வரில் வருடக்கணக்காக எந்தத் திருத்தமும் ஏற்றப்படாததால் இந்தச் சோதனையே அங்கே நடக்கவில்லை. புது சர்வர் நடத்தியது, மறுத்தது. ரிஜிஸ்ட்ரியை மாற்றினால் போதும் என்ற அறிவுரையை இன்றும் பலர் சொல்கிறார்கள். முழுத் திருத்தமும் ஏற்றிய சர்வரில் அது வேலை செய்யாது, அதில் நேரத்தை விடாதீர்கள்.

காரணம் தெரிந்த பிறகு வேலை நேராக நடந்தது. அறிக்கைக் கணினியில் டிகாம் அமைப்புகளைத் திறந்து, இயல்பு அங்கீகார நிலையை 'கனெக்ட்' என்பதிலிருந்து 'பாக்கெட் இன்டெக்ரிட்டி'க்கு உயர்த்தி ரீஸ்டார்ட் செய்தோம். டேக்குகள் 192க்கு வந்தன. தரவு அனுப்பும் கணினியில் அதையே செய்தும் பலனில்லை. அந்த மென்பொருள் தன் அங்கீகார நிலையைத் தானே நிர்ணயித்துக்கொள்கிறது, விண்டோஸின் இயல்பு நிலையைக் கேட்பதில்லை.

அதற்கு ஓபிசியின் புதிய வகையான ஓபிசி யூஏவுக்கு மாறுவதே முறை என்று முடிவெடுத்தோம். யூஏவுக்கு டிகாம் தேவையே இல்லை. 4840 போன்ற ஒரே ஒரு போர்ட், சான்றிதழ் வழி நம்பிக்கை. நல்லவேளையாக, தரவு அனுப்பும் மென்பொருளில் யூஏ வசதி ஏற்கெனவே இருந்தது. முதல் இணைப்பில் கிளையன்டின் சான்றிதழ் சர்வரில் நிராகரித்தவை பட்டியலில் போய் விழுந்தது. இது எதிர்பார்த்ததுதான், பார்த்து, சரிதான் என்று உறுதி செய்து, நம்பகப் பட்டியலுக்கு மாற்றினோம். ஆனால் இணைப்பு மறுபடி அறுந்தது. இந்தத் தடவை மறுத்தது கிளையன்ட், ஆகவே கிளையன்டின் லாக். சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் தேதிக்கே வரவில்லை என்றது அது. அந்தக் கணினியின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பின்தங்கிக் கிடந்தது. சான்றிதழோ அன்றைக்குத்தான் உருவானது. பேட்டரியை மாற்றி, இணையம் இல்லாத அந்த நெட்வொர்க்கில் புது சர்வரையே நேரம் காட்டும் சர்வராக ஆக்கி, இரண்டு கணினிகளையும் அதைப் பின்பற்ற வைத்தோம். யூஏ இணைந்தது. வாரியத்துக்குத் தரவு போகத் தொடங்கியதைப் போனில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம்.

இடையில் விடுபட்ட நேரத்துக்கு ஆபரேட்டர்கள் எழுதிய லாக் ஷீட் அளவுகளை, கையால் பதிந்தவை என்ற குறிப்போடு ஹிஸ்டோரியனில் ஏற்றினோம். மூலத் தாள்கள் மேலாளரின் கோப்பில் இருக்கின்றன. அந்த இரண்டு விண்டோஸ் 7 கணினிகளையும் மாற்றக் கேட்டிருக்கிறோம். தரவு அனுப்பும் கணினிக்கு முதலில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது.