செபமாலை மாதத்து நாட்குறிப்பு

2025 ஒக்டோபர் 1, புதன்

மாதாவின் சுருவம் (திருச்சிலை) இன்று எங்கள் அன்பியத்தின், அதாவது பங்கில் அயல் வீடுகள் சேர்ந்த செபக் குழுவின், முதல் வீட்டுக்கு வந்தது. இனி மாதம் முடியும் வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒவ்வொரு வீடு. தொழிலுக்குப் போகிறவர்களின் நேரத்தைப் பார்த்து ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறோம்.

இந்த மாதம் முழுக்கச் சமாதானத்துக்காக நாள்தோறும் செபமாலை சொல்லும்படி பாப்பரசர் 14ஆம் லியோ கேட்டிருக்கிறார். அதை வாசித்ததும் முன்னால் பாயில் இருந்த அம்மம்மாமாரின் குரல் உயர்ந்தது. போர்க்காலத்தில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருந்து செபமாலை சொன்னவர்கள் அவர்கள். சமாதானம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

செபத்தின் வல்லமை பற்றிக் கூட்டங்களில் கேட்கிற சாட்சியங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான்: கேட்டேன், கிடைத்தது. நான் அவற்றை நம்புகிறேன். ஆனால் கேட்டுக் கேட்டும் கிடைக்காதவர்கள்தான் என் தெருவில் அதிகம். அவர்கள் செபிப்பதை நிறுத்தவும் இல்லை. இந்த மாதம் அவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

செபமாலை மாதா திருநாள். 1571இல் லெப்பாந்தோ கடற்போரில் துருக்கியருக்கு எதிராகக் கிறிஸ்தவப் படைகளுக்குக் கிடைத்த வெற்றிக்கு நன்றியாகப் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் ஏற்படுத்திய நாள் இது. மறைக்கல்வி வகுப்பில் ஒரு பொடியன் கேட்டான்: “ரீச்சர், மற்றப் பக்கத்தில இருந்தவையும் செபிச்சிருப்பினம்தானே?” நல்ல கேள்வி. போர் வெற்றியை வைத்துச் செபத்தை அளக்க எனக்கு மனம் வருவதில்லை, போரைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் முடியாது.

அதனால் அவர்களைக் கெத்சமனிக்குக் கூட்டிப் போனேன். செவ்வாய்க்கிழமை செபமாலையில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற துக்க தேவ ரகசியங்களின் நாள், அவற்றில் முதலாவதே கெத்சமனித் தோட்டத்தில் அவர் செபித்ததுதான். “இத்துன்பக் கிண்ணத்தை என்னிடமிருந்து அகற்றும்” என்று இயேசு கேட்டார். ஒருதரம் கேட்டுவிட்டு விடவில்லை, திரும்பவும் போய் அதையே சொல்லிச் செபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். கிண்ணம் அகலவில்லை. ஆனால் லூக்கா இன்னொன்றும் சொல்கிறார்: வானதூதர் ஒருவர் தோன்றி அவரைத் திடப்படுத்தினார். முகங்குப்புற விழுந்து செபித்தவர் எழும்பி, பிடிக்க வந்தவர்களுக்கு முன்னால் தானாகவே போய் நின்றார். கேட்டது கிடைக்கவில்லை, எழும்பி நடக்கிற பலம் கிடைத்தது. செபத்தின் வல்லமை என்று நான் சொல்வது இதைத்தான்.

தூய பவுலுக்கும் அப்படித்தான். உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்றுமுறை மன்றாடியவருக்குக் கிடைத்த பதில், “என் அருள் உனக்குப் போதும்.”

ஒக்டோபர் 11, சனி

மழை. கரண்டும் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் நாலைந்து பேர்தான். ஆனாலும் செபமாலையின் ஐந்து பத்து மணிகளையும் முடித்துவிட்டுத்தான் எழும்பினோம்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

இன்றைய நற்செய்தி லூக்கா 18: நேர்மையற்ற நடுவரும், நீதி கேட்டு அவரிடம் ஓயாமல் போன கைம்பெண்ணும். மனந்தளராமல் எப்பொழுதும் மன்றாட வேண்டும் என்பதற்காக இயேசு சொன்ன உவமை. யாழ்ப்பாணத்தில் இந்த வாசகத்தைக் கேட்கும்போது 2017இலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்தபடி தெருவோரம் இருக்கிற தாய்மார் நினைவுக்கு வராமல் இருக்க முடியுமா? அவர்களும் ஒரு நடுவரிடம்தான் திரும்பத் திரும்பப் போகிறார்கள். கடவுள் அந்த நடுவரைப் போன்றவர் என்று இயேசு சொல்லவில்லை. நேர்மையற்றவனே கடைசியில் செவிசாய்த்தான் என்றால், இரவும் பகலும் தம்மை நோக்கிக் கூப்பிடுகிறவர்களுக்குக் கடவுள் நீதி வழங்காமல் இருப்பாரா என்றுதான் கேட்கிறார்.

முதல் வாசகம் மோசேயின் கைகள். அவர் கையை உயர்த்தி இருக்கும்வரை இஸ்ரயேலர் வென்றார்கள், கை தளர்ந்தபோது ஆரோனும் கூரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். போரை விட்டுவிடுகிறேன், எனக்கு அந்த இரண்டு பேரும் போதும். வீட்டுக்கு வீடு போய்ச் செபமாலை சொல்வதும் அந்த வேலைதான். ஒருவருக்கு வாய் வராத நாளில் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொண்டு போவார்.

உரோமையில் இன்றைக்குப் புனிதர் பட்டம் பெற்றவர்களில் பர்த்தோலோ லோங்கோவும் ஒருவர். இளவயதில் விசுவாசத்தை விட்டுப் பேய் வழிபாடு வரைக்கும் போய், பிறகு இத்தாலியின் பொம்பெயியில் செபமாலையைப் பரப்புவதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட வழக்கறிஞர்.

ஒக்டோபர் 24, வெள்ளி

இன்று சுருவம் ஒரு அன்ரியின் வீட்டில். அவருடைய மகன் 2009இல், போரின் கடைசி மாதங்களில், வன்னியில் காணாமல் போனவர். முன்னறையில் அவருடைய படம் இருக்கிறது, மாலை போடவில்லை. பொட்டும் இல்லை, விளக்கும் இல்லை. சேர்ட் பொக்கற்றில் பேனையோடு சிரிக்கிற ஒரு சாதாரணப் படம்.

அன்ரியின் செபமாலை எத்தனையோ தரம் அறுந்திருக்கிறது. இப்போது அது வலைநூலில் கோர்த்திருக்கிறது, ஒவ்வொரு பத்துக்கும் இடையில் வலை பொத்துகிற அதே முடிச்சு. இரண்டு மணி குறைகிறது. அந்த இடம் வரும்போது நூலை நெருடிக்கொண்டே “அருள் நிறைந்த மரியே” சொல்லிக் கணக்கைச் சரியாக்கிவிடுகிறார். ஒன்றும் தவறவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: “பிள்ளை, எல்லாரும் அவனுக்கு ஆன்மசாந்திப் பூசை வைக்கச் சொல்லீனம். நான் மாட்டன். இருக்கிறவனுக்குச் செய்யிற செபத்தைத்தான் செய்யிறன். இல்லையெண்டால் ஆண்டவர் அதை அவனுக்கு வேண்டிய மாதிரி மாத்திக் குடுப்பார்தானே.”

எதற்காக, எப்படிச் செபிப்பது என்று தெரியாத இடத்தில், சொல்லில் அடங்காத பெருமூச்சுகள் வழியாகத் தூய ஆவியாரே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று உரோமையர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. எத்தனையோ பிரசங்கங்களில் கேட்ட வசனம். அன்ரி அதை நாள்தோறும் செய்கிறார். மகன் இருக்கிறானா இல்லையா என்று அரசாங்கம் சொல்லவில்லை. அது தெரியாமலே செபிக்க முடிகிறது, செபித்துவிட்டு எழும்பிச் சமைக்க முடிகிறது. இதைவிடப் பெரிய சாட்சியத்தை நான் எங்கும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 31, வெள்ளி

கடைசி வீடு. கடலை, வாழைப்பழம், சின்னப் பிள்ளைகளின் பாட்டு. நவம்பர் 2க்காக, இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் போடுகிற பெட்டி கோயில் வாசலில் வைத்தாயிற்று. அன்ரி அதைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். நான் பாதரிடம் போய்க் கதைத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். சேமக்காலையில் கல்லறைகளுக்கு வெள்ளை அடித்துப் பூவும் மெழுகுதிரியும் வைத்திருந்தார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு எங்கே வைப்பது?

பாதர் மறக்கவில்லை. இறந்தவர்களின் பெயர்களை வாசித்து முடித்த பிறகு, எங்கே என்று தெரியாதவர்களுக்காக என்று தனியாக ஒரு மன்றாட்டுச் சொன்னார். அதில் முதலில் வந்தது ஒரு குருவின் பெயர்: அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுன் அடிகள், 2006 ஓகஸ்ட் 20 முதல் காணாமல் போனவர். கூடப் போன வின்சன்ற் விமலன். பிறகு பிரான்சிஸ் யோசப் அடிகள், 2009 மே மாதம் சரணடைந்த மக்களோடு போனவர். அவருக்குப் பின்னால் அன்ரியின் மகன்.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று எல்லோரும் சொன்னார்கள். அன்ரியின் குரலும் அதில் கேட்டது.

பூசை முடிந்ததும் ஒரு ஐயா பாதரிடம் போய்த் தன் தம்பியின் பெயரைச் சொன்னார், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளிலும் இந்த மன்றாட்டைத் தொடரலாம் என்றார் பாதர். பெயர்களை எழுதி எடுக்கிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களிடமும் அப்படி ஒரு பெயர் இருந்தால் வெள்ளிக்கு முன்னால் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.