ஒன்றேகால் சாண் நாக்கைத் தேடி

நீள நாக்கு அந்துப்பூச்சி ஒன்றைத் தேடி மடகாஸ்கர் போன கதை இது. முதலில் படகுக்காரர் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். மனம்பாட்டோ என்ற ஊரின் ஏரிக்கரையில் ஏறும்போது ஒரு கட்டணம் சொன்னார்; ஏரி நடுவில் பெட்ரோல் விலையைக் காட்டி இன்னொன்று. நீந்தியா திரும்ப முடியும்? கொடுத்தேன். அதற்கு முன் தலைநகர் அன்டனனரிவோவிலிருந்து வந்த டாக்ஸி புரூஸ் என்னும் பொது வேனில் மூவர் இருக்கையில் நால்வர். என் முழங்கால் பகலெல்லாம் யாருடைய அரிசி மூட்டையிலோ இருந்தது. மடகாஸ்கர் பணமான அரியாரி நோட்டுக் கட்டுகள் கனமானவை, கரைவது மட்டும் வேகம்.

ஆனால் அந்தப் பூச்சி தேடி வரும் டார்வின் ஆர்க்கிட் பூ! ஆகஸ்ட் மாதம், பங்கலான் கால்வாயோரக் காட்டில், மெழுகில் வார்த்தாற்போல வெள்ளை நட்சத்திரம். பகலில் மணமே இல்லை. இருட்டியதும் காட்டையே நிறைத்தது. பின்னால் பச்சை வால்போல் தேன்குழல் தொங்கியது. டார்ச்சைப் பின்னால் பிடித்தால் அடியில் மட்டும் தேன் தெரிந்தது. 1862இல் டார்வின் கைக்கு வந்த பூவில் குழல் 11½ அங்குலம். தேன் கடைசி 1½ அங்குலத்தில்தான். அவ்வளவு நீள நாக்குள்ள அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தாக வேண்டும் என்று எழுதினார். சிலர் சிரித்தார்கள். இயற்கையியலாளர் வாலஸோ 1867இல், அது பருந்து அந்துப்பூச்சியாக இருக்கும், கணக்குப் போட்டு முன்பே சொல்லப்பட்ட நெப்டியூன் கோளைத் தேடிய நம்பிக்கையோடு தேடுங்கள் என்றார். கடைசியில் கிடைத்த பூச்சிக்கு 1903இல் பெயர் வைத்தார்கள்: பிரேடிக்டா, முன்பே சொல்லப்பட்டது. அப்போது டார்வின் இறந்து 21 ஆண்டுகள். மார்கனி என்னும் ஆப்பிரிக்க அந்துப்பூச்சியின் கிளையினமாக வைத்திருந்ததைத் தனி இனமாக உயர்த்தியது 2021இல்தான். அளந்ததில் மிக நீண்ட நாக்கு 28.5 செ.மீ.; கடிகாரச் சுருள்வில்போல் சுருட்டி வைத்துக்கொள்ளும். அடித் தேனை எட்டத் தலையைப் பூவுக்குள் அழுத்தியாக வேண்டும். விலகும்போது மகரந்தக் கட்டி ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் வழிகாட்டியிடம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். காசு கொடுத்ததும் நான்தான்.

இரண்டு இரவு உட்கார்ந்தேன். இரண்டாம் இரவு பட்ஜெட்டில் இல்லை. கொசுக்கள் வந்தன, ஒரு தவளை வந்தது. விடிந்ததும் பூவின் நடுவே குனிந்து பார்த்தேன்: மகரந்தத்தின் மேலிருந்த சின்னத் தொப்பி கலையவே இல்லை, பூச்சி வரவில்லை.

கரையில் படகுக்காரர் காத்திருந்தார். திரும்புவதற்கு வேறு கட்டணமாம்.