44 முதல் 50 வரை

12 ஓகஸ்ட் 2024, திங்கள்

ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்துவிட்டது. செப்டெம்பர் 19, வியாழன். இன்னும் முந்தியே செய்யலாம் என்றார் டொக்டர். 15ஆம் திகதி புலமைப்பரிசில் பரீட்சை, என் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஒரு மாதம் பொறுக்கும் கட்டி என்றால் அது நல்ல செய்தியா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

கேட்டது குரலைப் பற்றி மட்டும்.

தைரொயிட்டுக்குப் பின்பக்கத்தால் குரலுக்குரிய நரம்பு போகிறதாம், பக்கத்துக்கு ஒன்றாக. இடது நரம்பு நேரே தொண்டைக்கு வருவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறுகிறது. தாளில் கீறிக் காட்டினார். என் கட்டி இடப்பக்கம். சிலருக்குக் கொஞ்சக் காலம் குரல் கம்மும், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும் என்றார்.

பெரும்பாலும்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

14 ஓகஸ்ட்

செய்லர் மூன் என்ற ஜப்பானியக் கார்ட்டூனில், நாயகி உசாகியின் குரல் மிட்சுயிஷிக்குத் திரும்பி வந்தது.

16 ஓகஸ்ட், வெள்ளி

அம்மா படுத்த பிறகு செய்லர் மூன் 44ஆம் அத்தியாயத்தைப் போட்டேன். நித்திரை வராத இரவுகளில் நான் போவது அங்கேதான்.

44 முதல் 50 வரை உசாகியின் குரல் கொதோனோ மிட்சுயிஷியின் குரல் அல்ல. 1993இன் தொடக்கத்தில் அவர் நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். காயே அராக்கி வந்து பேசிக் கொடுத்தார். எந்த அத்தியாயங்கள் என்று பார்க்க வேண்டும். 45, 46 முதல் பருவத்தின் முடிவு. வடதுருவப் பனியில் மகோட்டோ, அமி, மினாகோ, ரேய் என்று நண்பிகள் ஒவ்வொருத்தியாகச் சாகிறார்கள், உசாகி தனியே எழுந்து நடக்கிறாள். அதுவரை ஒரு வருடம் இழுத்து வந்த கதையின் உச்சி அது. அந்த இடத்தில் மிட்சுயிஷி இல்லை. படுக்கையில் கிடந்து அதை யோசித்திருப்பாரா? தன் குரல் போக வேண்டிய இடத்துக்கு இன்னொருத்தியின் குரல் போவதை?

அராக்கி மூலக் குரலுக்கு மிக நெருங்கி வருகிறார். ஆனால் அழுகிற இடத்தில் தன் சொந்தக் குரலில்தான் அழுகிறார், எனக்கு அது தெளிவாகக் கேட்கிறது. எனக்கு அது பிடிக்கும். பிறகு அவருக்கே சிபியுசா பாத்திரம் வந்தது, உசாகியின் எதிர்கால மகள்.

51இல் மிட்சுயிஷி திரும்பி வந்தார். 1997இல் 200ஆம் அத்தியாயத்தோடு தொடர் முடியும் வரை அவர்தான்.

மாயச் சிறுமிக் கதைகளைப் பார்க்காதவர்கள் உடுப்பும் நாடாவும் மினுக்கமும்தான் என்று நினைக்கிறார்கள். மார்பிலே பதக்கம் இருந்தால் மட்டும் உசாகி மாறிவிடுவதில்லை. "மூன் பிரிஸம் பவர், மேக் அப்!" என்று வாயால் கத்த வேண்டும். கத்தாவிட்டால் அவள் பாடசாலைச் சீருடையில் நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளைதான். அதை இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். இந்த மாதம்தான் அது வேறு மாதிரி விழுகிறது.

19 ஓகஸ்ட், திங்கள், போயா

மச்சாள் ஸ்காபரோவிலிருந்து எடுத்தா. "இன்னும் அதையா பாக்கிறாய்?" என்று கேட்டா. ஓம் என்றேன். அவவுக்கு விளங்கவில்லை, ஆனால் அந்த நாடாக்களை அனுப்பியதே அவதான்.

1995 ஓகஸ்ட் கடைசியிலிருந்து ரொரன்ரோவில் வைரிவி அலைவரிசையில் ஆங்கிலத்தில் போனது. அந்தக் குரல்களும் ரொரன்ரோவிலேயே பதிவானவை. மச்சாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒன்றும் விடாமல் பதிந்து, மாமாவுக்குத் தெரிந்த யாராவது கொழும்புக்கு வரும்போது கொடுத்தனுப்புவா. அவவுக்குப் பதினான்கு, எனக்குப் பன்னிரண்டு. அவ போன பிறகு இந்த வீட்டில் என்னோடு கதைக்க ஒருவரும் இருக்கவில்லை. நாடாவின் மேல்தாளில் அவவின் கையெழுத்து.

கனடா நாடா என்.ரி.எஸ்.சி முறை. எங்கள் டெக்கும் ரீவியும் பால் முறை. படம் வரும், நிறம் வராது. சிலநேரம் படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும். அப்படித்தான் செய்லர் மூனைப் பார்த்தேன், கறுப்பு வெள்ளையில். உசாகியின் தலைமயிர் வெள்ளை, மகோட்டோவின் பாவாடை ஒரு சாம்பல், ரேயின் பாவாடை இன்னொரு சாம்பல். நிறங்களை நானே வைத்தேன். மகோட்டோவுக்குச் சிவப்பு, ஏனென்றால் அவள்தான் ஆகப் பலசாலி, உயரமானவள், விமான விபத்தில் தாய் தகப்பனை இழந்து தனியே சமைத்துச் சாப்பிடுகிறவள். அவளுடைய நிறம் பச்சை என்று பின்னாளில் தெரிந்தபோதும் என் சிவப்பு முழுக்கப் போகவில்லை. இன்றைக்கும் அவளை நினைத்தால் முதலில் சிவப்புத்தான் வருகிறது.

1996இல் மழை பொய்த்து மின்வெட்டு எட்டு மணித்தியாலம் வரை போனது. கரண்ட் வரும் நேரத்துக்கும் அப்பாவின் செய்திக்கும் இடையில் எனக்குக் கிடைத்தது ஒரு அத்தியாயம். மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு வெள்ளவத்தையில் இரவுச் சோதனைகள் கூடின. ஒரு இரவு ஆமி வந்தது. ரீவிக்குக் கீழே அடுக்கியிருந்த நாடாக்களைக் காட்டி என்ன இது என்று கேட்டார்கள். பிள்ளைகளின் கார்ட்டூன் என்று அப்பா சிங்களத்தில் சொன்னார். போட்டுக் காட்டச் சொன்னார்கள். அப்பாவின் கை நடுங்கி நாடா உள்ளே போகவில்லை, நான்தான் போட்டேன். உசாகி கத்தி, சுழன்று, மாறி முடிக்கும் வரை துவக்கோடு நின்று பார்த்தார்கள். ஆக இளையவன் மட்டும் நிறம் பழுதா என்று என்னைக் கேட்டான். இல்லை, அது கனடா நாடா என்று சொன்னேன். அவர்கள் போனபின் அம்மா எல்லா நாடாவையும் அரிசி வாளிக்குள் வைத்தா.

மச்சாளுக்கு இதை ஒருபோதும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. ஒப்பரேசன் திகதியை மட்டும் சொன்னேன்.

20 ஓகஸ்ட்

குரல் இன்று காலையில் கொஞ்சம் கரகரத்தது. வெந்நீர் குடித்ததும் போய்விட்டது. கட்டி அழுத்துகிறதா, காற்றாடியின் கீழே படுத்ததா?

22 ஓகஸ்ட், வியாழன்

இன்று செய்லர் மூன் கொஸ்மோஸ் படம் நெட்பிளிக்ஸில். ஜப்பானில் 2023 ஜூன் 9உம் 30உம் என இரண்டு பாகமாக வந்தது. ஜூன் 30 உசாகியின் பிறந்தநாள். இங்கே இருப்பவர்களுக்கு இவ்வளவு காலம்.

அம்மா நல்லூர்த் திருவிழா நேரலையில் இருக்கிறா. நான் அறைக்குள் போகிறேன்.

23 ஓகஸ்ட், விடியப்புறம்

இரண்டு பாகத்தையும் பார்த்துவிட்டேன். எழுத முடிந்தவரை எழுதுகிறேன்.

2014இல் செய்லர் மூன் கிறிஸ்டல் என்ற புதுத் தொடர் தொடங்கியபோது மற்றப் போராளிகள் எல்லாருக்கும் புதுக் குரல் எடுத்தார்கள். உசாகிக்கு மட்டும் மிட்சுயிஷியை விட்டார்கள். 1992இல் அவருக்கு 24 வயது. கொஸ்மோஸ் வெளிவந்தபோது 55. உசாகி இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள். 55 வயதுத் தொண்டை ஒன்று பதினாறு வயதுப் பெண்ணாக அழுகிறது, நான் நம்புகிறேன். கதையின் மாயம் என்று இதைத்தான் சொல்வேன். கீழ்ச்சுருதியில் ஒரு தடிப்பு வந்திருக்கிறது. முந்தி அது இல்லை. அது குறை அல்ல. எல்லாரையும் இழந்த பிறகு "நான் தனியே இல்லை" என்று நிற்கிற பெண்ணுக்கு அந்தத் தடிப்பு வேண்டும்.

எதிரி கலக்ஸியாவுக்குக் குரல் மெகுமி ஹயாஷிபாரா. செய்லர் கொஸ்மோஸுக்கு கெய்கோ கித்தகாவா, கார்ட்டூனாக இல்லாமல் நடிகர்களை வைத்து எடுத்த 2003இன் தொடரில் ரேயாக நடித்தவர். அது எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டது போல.

கொஸ்மோஸ் என்பவள் எதிர்கால உசாகி. சண்டை முடியவே முடியாது என்று கண்டு, தாங்க முடியாமல், இறந்தகாலத்துக்கு ஓடி வந்தவள். மூலக் கதையை எழுதி வரைந்த நவோகோ தக்கெயுச்சி கதையின் ஆகக் கடைசியில் இதை வைத்திருக்கிறார், எல்லாரையும் விட வலியவள் பயந்து ஓடியவள் என்று. விண்மீன்கள் பிறக்கும் கொப்பரையை அழித்துவிட்டால் எல்லாம் முடியும் என்று அவள் சொல்கிறாள். முந்தைய உசாகி மாட்டேன் என்கிறாள், இனிப் பிறக்க இருக்கிற விண்மீன்களுக்காக. ஓடி வந்தவளை யாரும் ஏசவில்லை.

மூன்று மணி. ரயில் ஓடத் தொடங்கவில்லை.

30 ஓகஸ்ட், வெள்ளி

வகுப்பில் சத்தமாக வாசித்தேன், வேண்டுமென்றே, தேவைக்கு மேலே. பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி காதைப் பொத்தினாள்.

3 செப்டெம்பர்

கழுத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.

5 செப்டெம்பர், வியாழன்

இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மயக்க மருந்து டொக்டர். எல்லாம் சரியாம். வரிசையில் இருந்த ஒரு அம்மா தனக்கும் இதே ஒப்பரேசன் நடந்தது என்று சொன்னா, நல்ல கணீரென்ற குரல். இன்னும் கொஞ்சம் கதைக்க மாட்டாவா என்று இருந்தது. மகன் கூட்டிப்போய்விட்டான்.

ஆங்கிலத்திலும் உசாகிக்குக் குரல் மாறியிருக்கிறது. முதலில் ட்ரேசி மூர், பிறகு டெரி ஹோக்ஸ். பன்னிரண்டு வயதில் அது எனக்குத் தெரிந்தது. சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

8 செப்டெம்பர், ஞாயிறு

கடைசி மாதிரி வினாத்தாள் திருத்தி முடிந்தது. பின்னேரம் மரைன் டிரைவில் அம்மாவோடு நடந்தேன். கடல் இரைச்சலுக்கு மேலே கதைக்கும்போது குரல் வலிக்கவில்லை. நல்ல நாள்.

14 செப்டெம்பர், சனி

எமி ஷினோஹாரா இறந்துவிட்டார். 61 வயது. 8ஆம் திகதியே.

அவர்தான் மகோட்டோ. முதல் தொடர் முழுவதும், 1992இல் மகோட்டோ வந்த நாளிலிருந்து. நான் சின்னதில் கேட்ட நாடாவில் அவர் குரல் இல்லை, அது ஆங்கிலம். இருபது வயதுக்குப் பிறகு ஜப்பானிய மூலத்தைக் கேட்டபோது இதுதான் இவளுடைய குரல் என்று உடனே தெரிந்தது. கனமும் கனிவும் ஒன்றாக. சண்டையில் இடி போல, சமையலறையில் அக்கா போல என்று எழுதினால் மலிவாகப் போகும். அவர் பேசினால் அந்த அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று தோன்றும்.

45ஐப் போட்டேன். நால்வரில் முதலில் சாகிறவள் மகோட்டோ. பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

மச்சாளின் நாடாவில் இந்தச் சாவு இல்லை. அமெரிக்காவில் மாற்றியவர்கள் 45ஐயும் 46ஐயும் வெட்டி ஒன்றாக ஒட்டினார்கள். பிடிபட்டார்கள், பிறகு வந்தார்கள், அவ்வளவுதான். 89 அத்தியாயங்கள் அவர்கள் கையில் 82 ஆகின. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். 1996இல் கொழும்பில் பன்னிரண்டு வயதில் இருந்த நான் சொல்கிறேன், தாங்கியிருப்பேன். அந்த வருடம் எங்கள் வகுப்பில் வெறுமையாக ஒரு கதிரை இருந்தது. அதைப் பற்றி ஆசிரியர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நண்பிகள் செத்த பிறகும் எழுந்து நடந்த ஒருத்தியை எனக்கு யாராவது காட்டியிருக்க வேண்டும். கதையில் அவள் இருந்தாள். வெட்டிவிட்டார்கள். இந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

15 செப்டெம்பர், ஞாயிறு

பரீட்சை. வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி அனுப்பினேன்.

17 செப்டெம்பர், செவ்வாய், போயா

பை கட்டியாயிற்று. துவாய், சோப்பு, செருப்பு, சார்ஜர், முன் பொத்தான் வைத்த சட்டை. அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறா, என்னவென்று சொல்லமாட்டாவாம்.

பின்னேரம் அறையைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் குரலைப் பதிந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வகுப்பு இடாப்பை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். பிறகு கத்தினேன், "மூன் பிரிஸம் பவர், மேக் அப்!" அடிவயிற்றிலிருந்து. மேல்மாடிக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அம்மா கதவைத் தட்டி, "பிள்ளை, என்னம்மா?" என்றா. ஒன்றுமில்லை, குரல் பதிகிறேன் என்றேன். "அப்ப என்ர பேரையும் ஒருக்கா சொல்லு" என்றா. சொன்னேன்.

20 செப்டெம்பர்

எழுதலாம். கதைக்க வேண்டாமாம்.

21 செப்டெம்பர், சனி

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். அம்மா காலையிலேயே வாக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறா, விரலில் மை. நான் போடவில்லை. இரவு பத்துமணியிலிருந்து ஊரடங்கு என்கிறார்கள். காலி வீதியே சத்தமில்லாமல் கிடக்கிறது.

இடப்பக்கத்தை முழுதாக எடுத்தாயிற்று. நரம்பைக் கண்ணால் கண்டேன், வெட்டுப்படவில்லை என்றார் டொக்டர். கட்டியின் முடிவு வர இரண்டு கிழமை. "தண்ணி" என்று சொல்லிப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது, அதற்குள் எங்கேயோ ஒரு நூல் போல நான்.

24 செப்டெம்பர், செவ்வாய்

இன்றும் காற்று. வெள்ளிக்கிழமை கமெரா விட்டுப் பார்ப்பார்கள். அதிபர் எடுத்தார், அம்மா கதைத்தா. பிள்ளைகள் அட்டை செய்து அனுப்பியிருக்கிறார்கள், எழுத்துப்பிழைகளோடு. சிவப்புப் பேனையைத் தேடினேன்.

25 செப்டெம்பர், புதன்

ஷினோஹாராவைப் பற்றி மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போக முதல். இன்று பதில் குரலாக வந்தது. இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளாமல், ஜப்பானிய மூலத்தில் 45ஐப் பார்த்திருக்கிறா. வாழ்க்கையில் முதல்முறை. "ஏன்டி எனக்கு ஒண்டும் சொல்லேல்லை? இதுகள் எல்லாம் செத்ததுகளே? நான் பதிஞ்சதில இது இல்லையே!" அழுகிறாவா, ஏசுகிறாவா தெரியவில்லை.

நான் தட்டச்சுச் செய்தேன். வெட்டியது, ஒட்டியது, அராக்கியின் குரல், எல்லாம். ஆமி வந்த இரவையும் எழுதிவிட்டேன்.

வாசித்தது என்று இரண்டு நீலச்சரி விழுந்து கனநேரம் ஒன்றுமில்லை. பிறகு அழைப்பு வந்தது. என்னால் கதைக்க முடியாது என்று எழுதினேன். "நீ கதைக்க வேண்டாம். நான் 46 போடப்போறன், லைன்ல நில்" என்றா.